அமெரிக்காவின் பன்னாட்டு வரிச் சட்டத்தைப் படித்த ஒரு பருவம்

சென்னையில் ஆடிட்டராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு அமெரிக்காவுக்கு வந்தவன் நான். ஆகவே, மாலை நேர முதுகலைப் படிப்பில் பன்னாட்டு வரிவிதிப்பைப் பாடமாக எடுத்தபோது, இந்திய வருமான வரிச் சட்டத்தில் ஊறிய அனுபவம் கைகொடுக்கும் என்று நம்பினேன். முதல் சில வாரங்கள் அந்த அனுபவமே குறுக்கே நின்றது.

அமெரிக்கக் குடிமகன் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அவருடைய உலக வருமானம் முழுவதும் ஃபெடரல் வரிக்குள் வரும். மெக்சிகோவில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவர் தொடுத்த குக் எதிர் டெய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1924-இலேயே இதை உறுதிசெய்துவிட்டது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்கு நாள்கணக்கு. நம் ஊரில் பொதுவாக 182 நாள் என்று எண்ணிப் பழகியவனுக்கு, நடப்பாண்டின் நாள்கள் முழுவதும், சென்ற ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கும், அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து 183 ஆகிறதா என்று பார்ப்பது விசித்திரமாக இருந்தது. மூன்று ஆண்டுகளும் 121 நாள் தங்கியவருக்குக் கூட்டுத்தொகை 181.5, 122 நாள் தங்கியவருக்குச் சரியாக 183. ஒரே ஒரு நாளில் ஒருவர் ரெசிடென்ட், அதாவது வரிக்கணக்கில் அமெரிக்கவாசி, ஆகிவிடுகிறார்.

அடுத்து வந்த, வருமானம் எந்த நாட்டில் பிறந்தது என்று தீர்மானிக்கும் 'சோர்ஸ்' விதிகளில்தான் அதிகம் தடுமாறினேன். டாலர் எந்த வங்கியிலிருந்து வருகிறதோ அதுதான் வருமானத்தின் பிறப்பிடம் என்று மனம் அடம்பிடித்தது. சட்டமோ ஒவ்வொரு வகை வருமானத்துக்கும் வேறு வேறு இடத்தைச் சுட்டுகிறது: வட்டிக்குப் பொதுவாகக் கடனாளியின் இருப்பிடம், ராயல்டிக்கு உரிமை பயன்படும் இடம், உழைப்புக்கு உழைத்த இடம். அடையாற்றில் உட்கார்ந்து நியூ ஜெர்சி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித் தரும் இந்தியரின் கட்டணம் அமெரிக்க வருமானமே அல்ல. அதில் 30 சதவீதம் பிடித்தம் செய்ய இடமில்லை. யார், எங்கிருந்து என்ற இரண்டு கேள்விகளையும் முடிக்காமல் இரு நாடுகளுக்கு இடையிலான வரி ஒப்பந்தத்தின் பக்கத்தைப் புரட்டக் கூடாது என்று பேராசிரியர் ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பது இந்த உதாரணத்தில்தான் விளங்கியது. வெளிநாட்டில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டின் உச்சவரம்பும் இதே பிரிப்பின்மேல் நிற்பதால், பிறகு அது எளிதாகவே வந்தது.

பி.எஃப்.ஐ.சி. (பாசிவ் ஃபாரின் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி) அத்தியாயம் வந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. செயலற்ற முதலீட்டிலிருந்தே பெரும்பாலான வருமானம் பெறும் வெளிநாட்டு நிறுவனங்களைக் குறிவைத்து 1986-இல் வந்த விதி இது. இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளும் இதற்குள் அடங்கும் என்று வாசித்ததும் பேனாவைக் கீழே வைத்தேன். இங்கு வந்து ரெசிடென்ட் ஆன பிறகும் மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகப் போடும் என் எஸ்.ஐ.பி. மாதம் 5,000 ரூபாயாக ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு அதில் ஒரு பகுதியை விற்று, சாதாரண நீண்டகால மூலதன ஆதாயம் என்றே ரிட்டர்னில் காட்டியிருந்தேன். ஆடிட்டர் என்ற பெயர் வேறு! விதிப்படி ஆதாயத்தை, வைத்திருந்த நாள்கள் முழுவதற்கும் பகிர்ந்து, முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில், என் கணக்கில் 37 சதவீதம், வரியும் அதன்மேல் வட்டியும் கட்ட வேண்டும். எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு மாதத் தவணையும் தனிக் கொள்முதல் என்பதால், விற்ற 19 தவணைகளுக்கும் 19 தனிக் கணக்குகள் போட்டேன். பி.எஃப்.ஐ.சி. முதலீட்டுக்கான 8621 படிவத்தோடு திருத்திய ரிட்டர்னை அனுப்பியபோது, வரியாகப் போன தொகையைவிட அதைக் கணக்கிடச் செலவான மாலைப் பொழுதுகள்தான் உறுத்தின. மறுநாளே எஸ்.ஐ.பி.யை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதினேன்.