ஆயில் சொட்டினால் உடனே சீலைத் திட்டாதீர்கள்

பட்டறையில் வேலை பார்ப்பவன் என்று தெரிந்தால் போதும், "ஆயில் சீலை வீட்டிலேயே நானே மாத்திடலாமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆயில் சீல் என்பது சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். கிராங்க் ஷாஃப்டின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முக்கியத் தண்டின், முன்பக்க சீல் என்றால் தாராளமாக மாற்றலாம் என்பேன். பின்பக்க சீல் வேறு கதை. கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்கினால்தான் அது கண்ணிலேயே படும். தரையில் படுத்துக்கொண்டு கியர் பாக்ஸை நெஞ்சில் தாங்கும் வீரம் வேண்டாம்.

சரி, முன்பக்கம். மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் கீழே வந்துதான் சொட்டும். டாப்பெட் கவர் கேஸ்கெட் கசிந்தாலும், கேம் ஷாஃப்ட் சீல் கசிந்தாலும் கடைசியில் கிராங்க் புல்லிதான் நனைந்து நிற்கும். பழி அதன் பின்னால் இருக்கும் சீலுக்கு. அதனால் முதல் வேலை ஸ்பேனர் எடுப்பதல்ல, கழுவுவது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனால், ஈரத்தின் மேல் எல்லை எங்கே இருக்கிறதோ அதுதான் கசிகிற இடம்.

ஒருவர் வீட்டிலேயே சீல் மாற்றியிருந்தார். வேலை அவ்வளவு சுத்தம், எங்கள் பட்டறைப் பையன்களுக்குக் காட்டலாம் போலிருந்தது. ஆனாலும் கொஞ்ச நாளில் மறுபடி கசிவு. பார்த்தால் பிசிவி வால்வுக்குப் போகும் ஹோஸ் முழுக்கக் கறுப்புக் களிம்பு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற அதுதான் வழி. வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் ஆயிலைத் தள்ளும். வால்வும் ஹோஸும் மாற்றினோம். அவர் போட்ட சீலைத் தொடவே இல்லை.

பழைய சீலை எடுக்கும்போதுதான் கை நிதானமாக இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பும்போது ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் எவ்வளவு நல்ல சீல் போட்டும் பயனில்லை. சீல் வெளியே வந்ததும் அது ஓடிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சீலின் உதடு, அதாவது ஷாஃப்டை ஒட்டி நிற்கும் உள் விளிம்பு, தேய்த்தே பள்ளம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் உதடு இரும்பைத் தேய்க்குமா என்று கேட்பார்கள். தூசியும் வருடக்கணக்கான சுழற்சியும் சேர்ந்தால் தேய்க்கும். அப்போது புதிய சீலைப் பள்ளத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி உட்கார வைக்கலாம், இடம் இருந்தால். இல்லையென்றால் ஷாஃப்டின் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்லீவ் கிடைக்கிறது.

சீலின் மேல் 35-50-8 என்பதுபோல எண் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். சின்ன ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ரப்பர் உதடு என்றால் கொஞ்சம் ஆயில் தடவிப் போடுங்கள். டெஃப்லான் உதடு என்றால் உலர்வாகத்தான் போட வேண்டும், பழக்கதோஷத்தில் தடவிவிடாதீர்கள். சக்கரம் ஷாஃப்டில் நழுவாமல் பூட்டும் சின்ன இரும்புத் துண்டுதான் கீ, அது உட்காரும் பள்ளம் கீவே. கீவே விளிம்பு உதட்டைக் கிழித்துவிடும், அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு ஏற்றுங்கள். தட்டி இறக்க, சீலின் வெளி விளிம்பில் உட்காரும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு போதும். குழாய் இல்லாமல் சுத்தியால் சீல் மேலேயே அடித்தால் சாய்ந்துதான் இறங்கும்.

வீட்டில் உண்மையான மல்லுக்கட்டு, சீலை மறைத்து நிற்கும் கிராங்க் புல்லியின் போல்ட்டோடுதான். பட்டறையில் இம்பாக்ட் கன் ஒரு நொடியில் முடித்துவிடும். கையால் என்றால், மேனுவல் கியர் வண்டியில் ஐந்தாவது கியர் போட்டு, வீட்டில் யாரையாவது பிரேக்கை அழுத்தி உட்காரச் சொல்லுங்கள். போல்ட்டில் மாட்டிய நீளமான பாரை பாடியில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் வித்தையைப் பலர் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கு அது பிடிக்காது. பார் நழுவினால் பறந்து வரும்.

அதைவிட முக்கியம்: சில இன்ஜின்களில் டைமிங் பல்சக்கரத்துக்கு கீயே கிடையாது, அந்த போல்ட்டின் இறுக்கம்தான் அதைப் பிடித்திருக்கிறது. தளர்த்திய நொடியே டைமிங், அதாவது வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்து இயங்கும் கணக்கு, போய்விடும், அப்படியே ஸ்டார்ட் செய்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளலாம். போல்ட்டில் கை வைக்கும் முன் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். கீ இல்லாத வகை, லாக் செய்யும் டூலும் கையில் இல்லை என்றால், வண்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.