நான்காம் வகுப்பு, தாருக் நிலம்: சில நாட்குறிப்புகள்

மே 12, 2025, திங்கள்

இன்று காலை எங்கள் மேற்குச் சிட்னிப் பள்ளியின் அசெம்பிளி எங்கள் வகுப்பின் முறை. இரண்டு பேர் மைக் முன்னால் நின்று, இந்த நிலத்தின் பாரம்பரியக் காவலர்களான தாருக் பூர்வகுடி மக்களுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் மரியாதை செலுத்துகிறோம் என்ற வாசகத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். ஊரில் பிரேயரில் நாங்கள் பாடியதும் இதே வேகத்தில்தான். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் ஏழாம் வகுப்பு வரை எனக்குத் தெரியாது.

வகுப்புக்கு வந்ததும் முன்வரிசைப் பையன் கை தூக்கினான். "மிஸ், தாருக் மக்கள் எந்தக் காலத்துல வாழ்ந்தாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. 27 பேரில் 26 பேருக்கு அதே சந்தேகம். மீதி ஒருத்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா விரட்ஜுரி என்ற வேறொரு பூர்வகுடியைச் சேர்ந்தவர்.

"இப்பவும் வாழறாங்க" என்றேன். "எங்க?" "இங்கேதான். பிளாக்டவுன், பென்ரித், எல்லா இடத்திலும்." "எங்க மாமா வீடு பிளாக்டவுன்தான். நான் பார்த்ததே இல்லையே!"

பூர்வகுடிகளோடு மற்றவர்கள் இணங்கி வாழ்வதற்கென்று வைத்திருக்கும் நல்லிணக்க வாரம் மே 27-ல் தொடங்கி ஜூன் 3-ல் முடிகிறது. வழக்கம்போலக் காகிதத்தில் கைகளை வரைந்து வெட்டி, பூர்வகுடிக் கொடியின் கறுப்பு சிவப்பு மஞ்சள் பூசி, வேலி நெடுக ஒட்டுவதாகத் திட்டம். ஒட்டலாம், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இவன் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

மே 14, புதன்

பலகையில் நான்கு விலங்கும் ஒரு பூவுமாக ஐந்து சொற்கள் எழுதினேன்: வாம்பட், கோவாலா, வாலபி, டிங்கோ, வராட்டா. இது என்ன மொழி என்று கேட்டேன். "இங்கிலீஷ்!" என்று ஒரே குரல். இல்லை, எல்லாமே சிட்னிப் பகுதி மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டவை என்றதும் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் காட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிடும் "கூ...ஈ" கூட அப்படித்தான் என்று சொல்லித் தொலைத்தேன். 27 பேரும் கூவிப் பார்த்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாரமட்டா என்ற ஊர்ப்பெயர் விலாங்கு மீனோடு சேர்ந்தது என்றதும், அந்த ஊர் ரக்பி அணியான ஈல்ஸின் (விலாங்குகள்) தொப்பியைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பையன் எழுந்து நின்றுவிட்டான். அணிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவன் யோசித்ததே இல்லையாம்.

பெமுல்வி என்ற புறநகரில் குடியிருக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நம் ஆட்களுக்குப் பெமுல்வி என்றால் வீட்டு விலைதான். அது ஒரு மனிதரின் பெயர், பிஜிகல் குடியின் வீரர், பண்ணைகளைப் பிடித்துக்கொண்டே வந்த குடியேறிகளை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர் என்றேன். 1797-ல் பாரமட்டா சண்டையில் உடம்பில் குண்டுகள் பாய்ந்து பிடிபட்டு, ஆஸ்பத்திரியில் காலில் இரும்பு வளையம் மாட்டிப் படுக்கவைத்திருந்த இடத்திலிருந்து வளையத்தோடே தப்பி ஓடியவர். அந்த இடத்தில் கைதட்டினார்கள். 1802-ல் அவரைச் சுட்டுக் கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பியதை நான் சொல்லவில்லை. எதிரே இருப்பவர்களுக்கு ஒன்பது வயது.

மே 16, வெள்ளி

அசடு வழிந்த நாள்.

இன்றைய ஓவிய வகுப்புக்காக 400 காட்டன் பட்ஸ் வாங்கி வைத்திருந்தேன். புள்ளி ஓவியம் செய்யலாம் என்று எண்ணம். ஸ்டாஃப் ரூமில் ஆன்ட்டியிடம் மாதிரியைக் காட்டினேன். அவர் எங்கள் பள்ளியின் பூர்வகுடிக் கல்வி அலுவலர், தாருக் குடும்பம். பிரின்சிபாலையே பெயர் சொல்லிக் கூப்பிடும் இந்த ஊரில் அவரை மட்டும் எல்லோரும் ஆன்ட்டி என்பார்கள். முகம் தெரியாதவரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்த எனக்கு அது எளிதாக வந்தது. ஆனால் இங்கே நரைத்த தலைக்கெல்லாம் அது கிடைத்துவிடாது, அவர்கள் சமூகம் பார்த்துக் கொடுக்கும் பெயர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

ஆன்ட்டி மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா இது எங்களோடது இல்லையேம்மா" என்றார்.

1971-ல் மத்திய ஆஸ்திரேலியாவின் பப்புன்யாவில் பெரியவர்கள் பலகைகளில் வரையத் தொடங்கியதிலிருந்து உலகம் அறிந்த பாணி அது. மேற்குப் பாலைவனத்துக்காரர்களுடையது. இங்கிருந்து 2000 கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை வைத்துக்கொண்டு இதுதான் பஞ்சாப் கலை என்று பாடம் எடுப்பது போல. அதிலும் எந்தக் கதையை யார் வரையலாம் என்பதற்கு உரிமை உண்டாம், கண்டவர் கண்டதை வரைய முடியாது. இந்தப் பக்கத்து மக்கள் மணற்பாறைகளில் மீனும் திமிங்கிலமும் செதுக்கியவர்கள்.

"29-ஆம் தேதி நான் வகுப்புக்கு வரேன்" என்றார். காட்டன் பட்ஸ் என் வீட்டு பாத்ரூமில். இரண்டு வருஷத்துக்குக் காணும்.

மே 21, புதன்

ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னேன். பெயர் மரியா. இந்தப் பக்கத்து தாருக் தலைவர்களில் ஒருவரான யாரமுண்டியின் மகள். கவர்னர் மக்வாரி பாரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். அதில் சேர்ந்த முதல் பிள்ளைகளில் ஒருத்தி. 1819-ல் நடந்த பள்ளித் தேர்வில் ஐரோப்பியப் பிள்ளைகள் ஏறக்குறைய 100 பேரையும் முந்தி முதல் பரிசு வாங்கினாள். அப்போது வயது 14.

"சூப்பர்!" என்றார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லையா, முதல் பரிசு என்றால் உடனே பிடித்துவிடும்.

அப்புறம் அந்தப் பள்ளியின் விதியைச் சொன்னேன். சேர்த்த பிள்ளையை அம்மா அப்பா கூடத் திருப்பி அழைத்துப் போக முடியாது. பையன் என்றால் 16 வயது வரை, பெண் என்றால் 14 வரை.

"லீவுக்கு?" "லீவுக்கும்தான்." "பர்த்டேக்கு?" நான் தலையாட்டினேன். இதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஜன்னலோரத்தில் இருந்தவளைப் பார்த்து, "உங்க வீட்ல இதைப் பத்தியெல்லாம் பேசுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். 26 தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அவள் காது சிவந்துவிட்டது. "மிஸ், நான் டாய்லெட் போகணும்" என்று எழுந்து போனாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னைத்தான் கோலம் போடச் சொல்வார்கள். எனக்கு நேர்க்கோடே ஒழுங்காக வராது. அந்த எரிச்சல் தெரிந்தும் ஒன்பது வயதுக் குழந்தையிடம் அதையே செய்திருக்கிறேன். மாலையில் அவள் அம்மாவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் சுருக்கமாக வந்தது: பரவாயில்லை. அவளுக்குக் கால்பந்து பிடிக்கும், அதைக் கேளுங்கள்.

மே 26, திங்கள்

மன்னிப்பு நாள். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1997-ல் இதே தேதியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. மறு வருஷத்திலிருந்து இந்த நாளை நினைவுகூர்கிறார்கள். எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் 1915-ல் மாற்றிய சட்டப்படி, கோர்ட்டுக்கே போகாமல் பூர்வகுடிப் பாதுகாப்பு வாரியம் குழந்தையைத் தூக்கிப் போகலாம். கெம்ப்சி பக்கத்தில் கின்செலா என்ற விடுதியில் பையன்களைப் பெயர் சொல்லாமல் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு விவரத்தோடு நிறுத்திக்கொண்டேன். "என் நம்பர் என்னவா இருந்திருக்கும்?" என்று ஒருவன் ஆரம்பித்து, பாதியில் தானே நிறுத்திக்கொண்டான்.

சாரி சொல்வது என்றால் என்ன என்று பேசினோம். இதில் அவர்கள் நிபுணர்கள். தினமும் இடைவேளையில் நான்கு சாரியாவது சொல்ல வைக்கிறோமே.

"சாரி சொன்னா மறுபடி செய்யக் கூடாது."

"மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்."

"எடுத்த பொருளைக் கொடுத்துட்டுத்தான் சொல்லணும். பென்சிலைக் கையிலேயே வெச்சுக்கிட்டு சாரி சொன்னா செல்லாது."

பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்ட காட்சியைக் கொஞ்சம் போட்டேன். உடனே முன்வரிசைப் பையன்: "நான் ஒண்ணும் பண்ணலையே மிஸ். எங்க அப்பா 2014-லதான் இந்த ஊருக்கே வந்தார்."

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இதைத்தான் கேட்பார், கோயிலில் சந்திக்கும் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். பதில் யோசித்து வைத்திருந்தேன், நீளமாக. அதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் பேசினான். இரண்டு வருஷத்தில் மூன்று வாடகை வீடு மாறியவன்.

"நாங்க போன வீட்ல பைப் ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு. நாங்க உடைக்கல. ஆனா தண்ணி எங்க ரூம்லதானே வந்துச்சு. அப்பா சரிபண்ணச் சொல்லி ஃபோன் மேல ஃபோன் போட்டார்."

என் பதிலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். பென்சில் சொன்னவளுக்காக மட்டும் ஒன்று சேர்த்தேன். மரியாவின் பள்ளி 1823-ல் பிளாக்டவுன் பக்கம் மாறியது, ஓக்ஹர்ஸ்டில் அந்த இடம் வெறும் புல்வெளியாக இன்னும் இருக்கிறது, 2018-ல் அதைத் தாருக் மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். "அப்போ அது செல்லும்" என்றாள்.

மே 27, செவ்வாய்

1967-ல் இதே நாளில் நடந்த வாக்கெடுப்பு. இணையத்தில் இறக்கிய பயிற்சித்தாளில் ‘இந்த நாளில்தான் பூர்வகுடிகளுக்கு ஓட்டுரிமை கிடைத்தது’ என்று போட்டிருந்தது. தப்பு. கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டு 1962-லேயே வந்துவிட்டது. 1967-ல் 90 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்று சொன்னது வேறு விஷயத்துக்கு: மக்கள்தொகைக் கணக்கில் அவர்களையும் சேர்த்து எண்ணவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும். அந்த வரியை எல்லோரையும் பேனாவால் அடிக்க வைத்தேன். அச்சடித்த தாளில் தப்பு கண்டுபிடித்து அடிப்பதில் அவ்வளவு சந்தோஷம்!

மாலை கேட்டில் ஒரு பையனின் அம்மம்மா பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பேரன் கறுப்பும் சிவப்புமாகப் பூசிய காகிதக் கையோடு நின்றான். "என்ன பிள்ளை இது?" என்றார். நல்லிணக்க வாரம் அம்மா என்றேன்.

"நல்லிணக்கமோ?" என்று சிரித்தார். "அந்தச் சொல்லை நாங்கள் அங்கையும் நிறையக் கேட்டனாங்கள்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

மே 29, வியாழன்

ஆன்ட்டி வந்தார். படம், ஸ்லைடு எதுவும் கிடையாது. "வாங்க வெளியே" என்றார். கார் பார்க் வேலியோரம் கூட்டிப் போனார். அங்கே நீளநீளமாகப் புல் மாதிரிப் புதர் இருக்கும், தினமும் என் காரை அதை ஒட்டித்தான் நிறுத்துகிறேன். பெயர் லொமாண்ட்ரா. சிட்னியில் ரவுண்டானா விடாமல் நட்டு வைத்திருக்கிறார்கள்.

பறிக்கும் முன் செடியிடம் கேட்க வேண்டும் என்றார். வெளிப்பக்கத்து இலையை மட்டும் எடுக்க வேண்டும், நடுவில் இருப்பதைத் தொடக் கூடாது, அதுதான் வளரும் இடம். ஓர் இலையை அடியோடு இழுத்து, வெள்ளையாக இருந்த நுனியைக் கடித்துக் காட்டினார். நானும் கடித்தேன். பச்சைப் பட்டாணி மாதிரி ஒரு ருசி.

இலையை நகத்தால் நீளவாக்கில் கிழித்தார். இரண்டு இழையைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் முன்னால் ஒரு உருட்டு. இரண்டையும் சேர்த்துப் பின்னால் ஒரு இழுப்பு. கயிறு தானாக முறுக்கிக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆச்சி விளக்குத் திரி உருட்டுவது இதே போலத்தான், அதே தொடை, அதே உள்ளங்கை. சொன்னேன். "அப்போ உனக்குப் பாதி தெரியும், உட்கார்" என்றார்.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து உருட்டினார்கள். முதல் பத்து நிமிஷம் எல்லாம் அவிழ்ந்தது. ஜன்னலோரத்தாள் யாரிடமும் பேசாமல் ஒரு முழம் திரித்துவிட்டாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அவரவர் தொடைமேல் இருந்தது.

உருட்டிக்கொண்டே ஆன்ட்டி பாலத்தைப் பற்றிச் சொன்னார். 2000 மே 28, சிட்னி ஹார்பர் பாலத்தை நல்லிணக்கத்துக்காக இரண்டரை லட்சம் பேர் நடந்து கடந்த நாள். அவர் தன் அம்மாவோடு போனாராம். விமானம் ஒன்று வானத்தில் ‘சாரி’ என்று புகையால் எழுதியது. "காத்து கலைச்சுடுச்சு. அம்மா கலையற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாங்க."

முன்வரிசைப் பையன் அவர் அருகில் நகர்ந்து, "ஆன்ட்டி, நீங்க பிளாக்டவுன்லயா இருக்கீங்க?" என்று கேட்டான். "ஆமா, ஸ்டேஷன் பக்கத்துல." அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜூன் 3, செவ்வாய்

மாபோ நாள். வடக்கே டோரஸ் நீரிணையில் இருக்கும் மெர் தீவுக்காரர் எடி மாபோ, தீவு நிலம் தங்கள் மக்களுடையதே என்று 1982-ல் தொடங்கிய வழக்கு. வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பேச்சு பொய் என்று உயர் நீதிமன்றம் 1992 ஜூன் 3-ல் சொன்னது. அவர் அந்த ஜனவரியில் இறந்துவிட்டார். "அவருக்குத் தெரியவே தெரியாதா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். இன்று வேறு ஒன்றும் ஓடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மரியா இறந்த நாள், 1878. பெரியவளானதும் தன் அண்ணன் கோல்பியின் நிலத்தைக் கேட்டு 1831-ல் கவர்னருக்கு மனுப் போட்டார். அது கைக்கு வந்தது 1843-ல். கழித்துப் பார்க்கச் சொன்னேன். 12 வருஷம். "எங்களைவிடப் பெரிசு!" என்றார்கள், தங்கள் வயதைச் சொல்கிறார்கள். அவர் வழிவந்த குடும்பங்கள் இன்னும் இதே மேற்குச் சிட்னியில் இருக்கின்றன. புராஸ்பெக்ட் தேவாலயத்தில் அடக்கம் செய்தபோது பதிவேட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? பிளாக்டவுன் பூர்வகுடிகளில் கடைசி ஆள் என்று.

ஜன்னலோரத்தாள் கை தூக்காமலே பேசினாள். "அவருக்கு ஒன்பது பிள்ளைங்கன்னு போன வாரம் ஆன்ட்டி சொன்னாங்களே. எழுதினவருக்கு எண்ணத் தெரியலை."

மாலை காரை எடுக்கப் போனேன். வேலியோரம் யாழ்ப்பாணத்து அம்மம்மா குனிந்து நின்றார். பேரன் திரித்த கயிறு அவர் மணிக்கட்டில் கட்டியிருந்தது. "எங்கட பனையோலை நார் மாதிரி உறுதியாக் கிடக்கு பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே புதருக்குள் கையை விட்டார்.

"அம்மம்மா! நடுவில எடுக்கக் கூடாது" என்று பேரன் கையைப் பிடித்து இழுத்தான். "முதல்ல அதுக்கிட்டக் கேளுங்கோ."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு செடி பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.