சுறாத் தொட்டியில் கண்ணாடி துடைத்த காலம்

சுறாக்களோடு நீந்தியதற்குச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை, மீதிப் பேர் "கடிக்காதா?" என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். எனக்குச் சம்பளம் கொடுத்தது கண்ணாடி துடைப்பதற்கு. சுறாக்களும் அங்கே இருந்தன, அவ்வளவுதான்.

வளைகுடா நாடு ஒன்றில், பெரிய மீன்காட்சியகத்தில் டைவராக இருந்தேன். எட்டு மீட்டர் ஆழத் தொட்டி. சேண்ட் டைகர் சுறா, நர்ஸ் சுறா, திருக்கைகள், என்னைவிட எடை கூடிய ஒரு கலவா, கூட்டம் கூட்டமாகப் பாரை. காலையில் கதவு திறப்பதற்குள் ஒரு சுற்று துடைத்து முடித்திருக்க வேண்டும். இடுப்பில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஈயம் கட்டிக்கொண்டு இறங்குவோம். கடலில் டைவ் அடிப்பவர்கள் மிதக்காமலும் மூழ்காமலும் நடுவில் நிற்கப் பாடுபட்டுப் பழகுவார்கள். அந்தத் திறமை இங்கே உதவாது. கண்ணாடியை அழுத்தித் தேய்த்தால் அது நம்மைத் திருப்பித் தள்ளும். காலை மணலில் ஊன்றி நிற்க எடை வேண்டும்.

கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, அது அக்ரிலிக். துபாய் மாலில் 2008-இல் திறந்த தொட்டியின் முன்பலகை 32.88 மீட்டர் நீளம், 8.3 மீட்டர் உயரம், 75 சென்டிமீட்டர் தடிமன். எடை மட்டும் 245 டன். ஒரு கோடி லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்கும் தொட்டி அது. அவ்வளவு பலமான பொருளில் துணியில் ஒட்டிய ஒரு மணல்துகள் கீறல் போட்டுவிடும். அதனால்தான் துடைக்கும் துணியை மணல் பக்கம் கொண்டுபோகக் கூடாது, மேலிருந்து கீழே வர வேண்டும், உடம்பில் தொங்கும் உலோகச் சாமான் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். கீறல் விழுந்தால் தண்ணீருக்குள்ளேயே நின்று, சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் உப்புத்தாள்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். கை மரத்துப்போகும் வேலை. புதிதாகச் சேரும் பையன்கள் சுறாவைப் பார்த்து மிரளுவார்கள். பழைய ஆட்கள் அந்தப் பையன்களின் இடுப்பு பெல்ட் கொக்கியைப் பார்த்து மிரளுவார்கள்.

இத்தனையும் பாசிக்காக. தொட்டி பளிச்சென்று தெரிய வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இருந்தால் பாசி வளரும். இரண்டு நாள் விட்டால் பழுப்புப் படலம் பிடித்துவிடும். அப்புறம் செயற்கைப் பவளப் பாறைகளைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, மணலைக் குழாயால் உறிஞ்சிக் கழிவை எடுப்பது. உறிஞ்சும்போது குழாயில் சுறாப் பற்கள் வந்துகொண்டே இருக்கும். சுறாவுக்குப் பல் விழுவதும் முளைப்பதும் வாழ்நாள் முழுக்க நடக்கும் காரியம். ஆயிரக்கணக்கில் விழும். முதலில் அதிசயமாக இருந்தது. பிறகு குழாயை அடைக்கும் தொல்லையாகிவிட்டது.

பார்க்க வருபவர்கள் சேண்ட் டைகரைத்தான் தேடுவார்கள். வாயை மூடினாலும் பல் வெளியே துருத்திக்கொண்டு தெரியும் சுறா அது. மூன்று மீட்டர் வரை வளரும். உலகம் முழுக்க மீன்காட்சியகங்கள் இதை விரும்பி வைத்திருப்பதற்குக் காரணமே பார்ப்பதற்குப் பயங்கரமாகவும் பழகுவதற்குச் சாதுவாகவும் இருப்பதுதான். எல்லோரும் பெயர் தெரிந்து வைத்திருக்கும் வெள்ளைச் சுறாவைத் தொட்டியில் வைக்க முடிவதில்லை. கலிபோர்னியாவின் மான்டரே பே மீன்காட்சியகம் 2004-இல் ஒரு குட்டியை 198 நாள் வைத்திருந்துவிட்டுக் கடலில் விட்டது. ஒகினாவாவில் 2016-இல் கொண்டுவந்த ஒன்று மூன்றே நாளில் செத்துப்போனது. சேண்ட் டைகருக்கு அந்தப் பரபரப்பெல்லாம் கிடையாது. அது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். மீன்களுக்குள் இருக்கும் காற்றுப்பை சுறாக்களுக்குக் கிடையாது. இது அந்தக் குறையை இப்படிச் சமாளிக்கிறது. அதனால் வாலை அசைக்காமலேயே நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும். துடைத்துக்கொண்டிருக்கும்போது தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பது சில சமயம் திரும்பும்போதுதான் தெரியும். முகமூடிக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் எதைப் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கும் தூரத்தைவிடக் கிட்டத்திலும் தெரியும். இது மனசுக்குத் தெரிந்தாலும் வயிறு ஒருதரம் கலங்கத்தான் செய்யும்.

அதன் சாதுத்தனத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தச் சுறாவின் கருப்பையில் முதலில் வளரும் குட்டி, கூட இருக்கும் மற்றக் குட்டிகளைத் தின்றுவிடும். கருப்பை இரண்டு என்பதால் கடைசியில் பிறப்பவை இரண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். 2016 ஜனவரியில் தென் கொரியாவின் சோல் நகரத்து கோயெக்ஸ் மீன்காட்சியகத்தில் ஒரு பெண் சேண்ட் டைகர், தன்னோடு ஒரே தொட்டியில் இருந்த சின்னச் சுறா ஒன்றைத் தலையிலிருந்து விழுங்கத் தொடங்கி, வால் வெளியே தெரிய மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் முட்டிக்கொண்டதில் எரிச்சலாகியிருக்கும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். ஆகவே சாது என்றால் நம் விஷயத்தில் சாது, வயிறு நிறைந்திருக்கும்போது சாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் மாமா கீழக்கரையில் சங்கு குளித்தவர். சிலிண்டர், ரெகுலேட்டர் எதுவும் இல்லாமல் மூச்சடக்கிப் போனவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில், "என்ன மருமவனே, சுறாவப் பாத்து பயப்படுறியாமே? அது பசிச்சா வரும், பசிக்கலைன்னா அது பாட்டுக்குப் போவும்" என்றார். எங்கள் காட்சியகத்தின் பாதுகாப்புப் புத்தகம் தடிமனானது. அதில் எழுதியிருந்த பாதி விஷயம் மாமா சொன்ன இந்த ஒரு வரிதான்.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் சுறாவைக் கட்ட மந்திரக்காரர்கள் இருந்தார்கள். கடல்கட்டி என்று அவர்களுக்குப் பெயர். அவர் வந்து மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், அதனால் இலங்கையில் ஆங்கிலேய அரசாங்கமே கடல்கட்டிகளை வேலைக்கு வைத்திருந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் இதை எழுதியிருக்கிறார். கிடைக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு மீன்களைக் கட்டிவைக்கும் மந்திரக்காரருக்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் யாரும் களவாக இறங்கிவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். நல்ல நிர்வாகம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. இப்போது கடல்கட்டியின் இடத்தில் உட்கார்ந்திருப்பது தீனி அட்டவணைதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். எந்த மீனுக்கு எந்த நாள், எத்தனை கிலோ, யார் கையால், தொட்டியின் எந்த மூலையில் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காகிதம் ஒழுங்காக நடந்தால் தொட்டிக்குள் யாருக்கும் ஆபத்தில்லை.

தீனி கொடுக்கும் நாள்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த நாள். மத்தி, கானாங்கெளுத்தி, கணவாய், எல்லாம் மனிதர் சாப்பிடும் தரத்தில் உறைந்து வரும். உறைய வைத்து உருக்கினால் மீனில் இருக்கும் பி1 போன்ற சத்துகள் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட மீனின் செவுளுக்குள் வைட்டமின் மாத்திரையைச் செருகிக் கொடுப்போம். அயோடின் வேறு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டிச் சுறாக்களுக்குக் கழுத்துக் கழலை வரும். வெளியே மைக்கில் "கடலின் கொடூர வேட்டைக்காரன்" என்று அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நான் அந்த வேட்டைக்காரனுக்கு மாத்திரை விழுங்க வைக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது மீனைக் கவ்விக்கொண்டு மாத்திரையை மட்டும் துப்பிவிட்டுப் போகும். இதை உம்மாவிடம் சொன்னால் சுறாவைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். "மத்தியையா போடுறீங்க? இங்க கிலோ என்ன விலை தெரியுமா?" என்பதுதான் அவர்கள் கவலை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறாவில் புட்டு செய்து கொடுக்கிற ஊர் எங்களுடையது. சுறாவுக்கு நாம் சமைத்துப் போடுவது அவர்களுக்கு உலகம் தலைகீழானது மாதிரி.

கைக்குச் சங்கிலி வலைக் கையுறை உண்டு. ஒருவர் தீனி கொடுத்தால் இன்னொருவர் பின்னால் பிளாஸ்டிக் குழாயோடு நிற்பார். அந்தக் குழாய் யாரையும் அடிக்க அல்ல, நெருங்கி வருகிறதை மெதுவாக விலக்க. சுறாவுக்கு அதைப் பயன்படுத்தியது குறைவு. எப்போதும் தொல்லை கொடுத்தது கலவாதான். வாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்த்து எதையும் உறிஞ்சிவிடும். தீனி வாளியோடு யார் இறங்குகிறார், வெறும் துணியோடு யார் இறங்குகிறார் என்று அதற்கு நன்றாகத் தெரியும். தீனி நாளில் முதுகுக்குப் பின்னால் வந்து வாளியை முட்டும். அதற்கு முதலில் கொடுத்து வாயை அடைத்த பிறகுதான் சுறாக்கள் பக்கம் போக முடியும். நர்ஸ் சுறா இன்னொரு ரகம். நாள் முழுக்க மணலில் படுத்துத் தூங்கும், அதனாலேயே தொட்டுப் பார்க்கத் தோன்றும். சீண்டினால் கடிக்கும், கடித்தால் லேசில் விடாது. நான் பார்த்தவரை சுறாவால் காயம் வருவதற்கு முக்கால்வாசி மனிதக் கைதான் காரணம்.

பணம் கட்டி டைவ் அடிக்க வரும் விருந்தாளிகளையும் அழைத்துப் போவோம். கையை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், விரலை ஆட்டாதீர்கள், எதையும் தொடாதீர்கள் என்று மேலேயே திரும்பத் திரும்பச் சொல்வோம். கலங்கலில் வெளிறிய உள்ளங்கை ஆடினால் அது மீன் மாதிரித் தெரியும், நாங்களே கறுப்புக் கையுறைதான் போடுவோம். இறங்கும்போது என் கையை நசுக்கிப் பிடிப்பவர்கள் ஏறும்போது கொஞ்சம் ஏமாந்த முகத்தோடு வருவார்கள். "அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல" என்பார்கள். காசு கொடுத்துப் பயத்தை வாங்க வந்தவர்களுக்கு அது கிடைப்பதில்லை. மைக் அறிவிப்பு எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். பசி அடங்கிய, வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒரு பிராணியைக் கொடூரம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, கேட்டுவிட்டுப் போகிற குழந்தையின் மனதில் சுறா என்றால் ஒழிக்க வேண்டியது என்று பதிந்துபோகிறது. உலகத்தில் வருடத்துக்குச் சுறாவால் சாகிற மனிதர்களைக் கைவிரல்களிலேயே எண்ணிவிடலாம். மனிதர்களால் சாகிற சுறாக்களை 2013-இல் வந்த ஓர் ஆய்வு பத்துக் கோடி என்று மதிப்பிட்டது.

அதற்காகத் தொட்டி வாழ்க்கை சுறாவுக்குச் சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். எங்களிடம் இருந்த ஒரு பெண் சேண்ட் டைகருக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. இந்த இனத்துக்குத் தொட்டியில் இப்படி ஆவது பல ஊர்களில் தெரிந்த விஷயம்தான். பிடிக்கும்போது படும் அடி, சத்துக் குறைவு, ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே நீந்துவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். பார்வையாளர்களுக்கு அது தெரியாது, பல் மட்டும்தான் தெரியும். திருகோணமலையைச் சேர்ந்த மூத்த டைவர் ஒருவர் எங்களோடு இருந்தார். "தம்பி, கடலில் இருந்திருந்தால் இது இவ்வளவு வயசு வரைக்கும் இருந்திருக்குமோ தெரியாது" என்பார். நான் மறுத்துப் பேசியதில்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை. அந்தச் சுறாவுக்கு மட்டும் தீனியை நானே கொடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உள்ளே இருந்து பார்த்தால் வெளியே இருக்கும் கூட்டம் சரியாகத் தெரியாது. தொட்டிக்குள் வெளிச்சம், கூடம் இருட்டு. அதனால் பலகையில் நம் முகமும் பின்னால் போகும் சுறாவும்தான் தெரியும். குழந்தைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றால் மட்டும் தெரிவார்கள். கல், காகிதம், கத்தரி விளையாடக் கை நீட்டுவார்கள். மேற்பார்வையாளர் பார்க்காத நேரமாக இருந்தால் நானும் ஆடுவேன். திருமணத்துக்குச் சம்மதம் கேட்கும் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்டு. அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்பது கைத்தட்டல் கேட்காத எங்களுக்குத் தெரியாமலே போகும்.

உடம்பு படும் பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தண்ணீர் 25 டிகிரி. கேட்டால் இதமாகத் தோன்றும். இரண்டு மணி நேரம் நின்றால் ஐந்து மில்லிமீட்டர் தடிமன் ரப்பர் உடையான வெட்சூட்டுக்குள்ளும் பல் கிட்டும். எட்டு மீட்டர் ஆழம் பெரிய ஆழமில்லைதான், ஆனால் ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவதால் காது ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். சளி பிடித்தால் காது அடைத்துக்கொள்ளும், அன்றைக்கு வேலை கிடையாது. எங்கள் குழுவில் விடுப்பு எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் காதுச் சீழ். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்துக் காதைத் துடைத்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து விடாதவன் இந்த வேலையில் நிலைக்க மாட்டான்.

இந்த வேலைக்கு வர ஆசைப்படும் ஊர்ப் பையன்கள் இப்போதும் அழைக்கிறார்கள். ரெஸ்க்யூ டைவர் வரைக்குமாவது சான்றிதழ் எடு, முடிந்தால் டைவ் மாஸ்டர், நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது என்பேன். கூடவே முதலுதவிப் பயிற்சியும் ஆங்கிலத்தில் நாலு வார்த்தையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வேன். நேர்காணலில் என்னிடம் சுறாவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், அப்புறம் கையில் துணியைக் கொடுத்து இறங்கச் சொன்னார்கள்.