பேண்ட் இல்லாத அந்த ஒரு லேன்

போன வாரம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரமும் செல் மாதிரி எடுத்தேன். இன்று காலைதான் பிலாட் கையில் வந்தது: செல்லின் புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தை மட்டும் கோடாகக் காட்டும் படம். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு லேன், அதில் தெரியும் கோடுதான் பேண்ட். தேடியது செல்லின் உள்கடிகாரத்தை ஓட்டும் பிமால்1 புரதத்தை. கிளாக் என்ற புரதத்தோடு ஜோடி சேர்ந்து, பெர், கிரை மரபணுக்களைத் தட்டி எழுப்புவது இதுதான். அந்த மரபணுக்கள் தரும் புரதங்களே பிறகு திரும்பி வந்து இந்த ஜோடியை அடக்கும். சுமார் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று.

இதற்கு முன் பயன்படுத்திய ஆன்டிபாடி (தேடும் புரதத்தை மட்டும் பிடித்துக் காட்ட வேண்டியது) ஏமாற்றிவிட்டது. பேண்ட் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிமால்1 மரபணுவை நீக்கிய செல்லிலும் அதே இடத்தில் அதே பேண்ட்! வேறு எதையோ பிடித்திருக்கிறது. மூன்று மாத உழைப்பு அப்படியே போனது, மனசு ரொம்ப வலித்தது.

சரி, புது ஆன்டிபாடி. இந்தத் தடவை நாக்அவுட் லேன், அதாவது மரபணு நீக்கிய செல்லின் லேன், சுத்தமாகக் காலி. மற்ற லேன்களில் 75 கிலோடால்டனை (புரத எடையின் அலகு) ஒட்டி பேண்ட். கணக்குப்படி சுமார் 69தான் வரவேண்டும். ஆனால் பாஸ்பேட் என்ற வேதிக்குழு ஏறினால் புரதம் ஜெல்லில் கொஞ்சம் மெதுவாக ஓடும், பேண்ட் சற்று மேலே நிற்கும். நேரத்துக்கு நேரம் அந்த பேண்ட் மேலே தடித்து, அப்புறம் மறுபடி மெலிந்து கீழே இறங்குகிறது. செல்லுக்குள் ஓடும் கடிகாரத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஆன்டிபாடி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: நாக்அவுட் படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தாலும் உங்கள் செல்லில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.