தாந்தே இல்லாத கல்லறையும் ராவென்னாவும்

போன முறை இத்தாலி போனபோது அம்மாவும் நானும் ஒன்பது நாளில் ரோம், பிளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஓடி ஓடிப் பார்த்தோம். பிளோரன்ஸில் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குள் இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெரிய கல்லறை முன்னால் அம்மா வெகுநேரம் கைகூப்பி நின்றிருந்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் கையேட்டைப் புரட்டினேன். அந்தக் கல்லறைக்குள் யாருமில்லை. பிளோரன்ஸ் நாடுகடத்திய தாந்தே, 1321-ல் ராவென்னாவில் இறந்து அங்கேயே அடக்கமானார். "அப்போ நாம அங்கதானே போயிருக்கணும்?" என்றார் அம்மா.

அந்தக் கேள்வி இரண்டு வருடமாக என்னை விடவில்லை. வரும் செப்டம்பரில் மறுபடியும் போகிறோம். இந்த முறை ராவென்னாவில் நான்கு இரவு, பெர்ராராவில் மூன்று, மாந்தோவாவில் மூன்று. அவ்வளவுதான். சியனாவும் பெருஜியாவும் எனக்கு ஆசைதான், ஆனால் இரண்டுமே மேடும் பள்ளமுமான ஊர்கள். அம்மாவின் முழங்கால் தாங்காது. நான் தேர்ந்தெடுத்த மூன்றும் போ நதிப் பக்கத்துச் சமவெளியில் இருப்பவை.

ராவென்னாவைப் பற்றிப் படிக்கப் படிக்க நான்கு இரவுகூடப் போதாதோ என்று தோன்றுகிறது. 1519-ல் போப்பின் அனுமதியோடு பிளோரன்ஸ்காரர்கள் தாந்தேயின் எலும்புகளை எடுத்துப்போக வந்தபோது பெட்டி காலியாக இருந்ததாம். பக்கத்து மடத்துத் துறவிகள் முன்பே எடுத்து ஒளித்துவிட்டார்கள். பிறகு 1865-ல்தான் ஒரு சுவருக்குள்ளிருந்து கிடைத்தது. இன்று அவர் சமாதியில் எரியும் விளக்குக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் பிளோரன்ஸ் நகரம்தான் எண்ணெய் கொண்டுவந்து கொடுக்கிறது. பயணத்தை நான் செப்டம்பரில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சமாதியை ஒட்டியே சான் பிரான்செஸ்கோ தேவாலயம். அதன் பலிபீடத்துக்குக் கீழே நிலவறையில் தண்ணீர் நிற்கிறது, தண்ணீருக்கடியில் பழைய மொசைக் தரை, அதன்மேல் மீன்கள் நீந்துகின்றன. படத்தைக் காட்டியதும் அம்மா போனை என்னிடம் திருப்பித் தரவே இல்லை.

அப்புறம் ராவென்னாவிலேயே இருக்கும் கல்லா பிளாசிடியா என்ற ரோமானிய அரசியின் பெயர்கொண்ட நினைவு மண்டபம். வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே கருநீலக் கூரை முழுக்கப் பொன் நட்சத்திரங்கள், ஐந்தாம் நூற்றாண்டு வேலை. முன்பதிவு செய்துதான் போக முடியும், உள்ளே ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காகத் தனியாக இன்னொரு டிக்கெட் எடுத்து, ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மாலையிலும் போகப்போகிறேன். அலபாஸ்டர் என்னும் ஒளி ஊடுருவும் கல்லால் ஆன ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் இரண்டு வேளையும் ஒரே மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன்.

பெர்ராராவில் எனக்கு வேண்டியது மதில்தான். ஏறக்குறைய 9 கிலோமீட்டர், மேலேயே நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். அம்மா மர நிழலில் உட்கார்ந்திருப்பார், நான் ஒரு சுற்று போய்வருவேன்.

மாந்தோவாவில் செப்டம்பர் தொடக்கத்தில் பெரிய இலக்கிய விழா நடக்கும், அப்போது அறை கிடைப்பது கஷ்டம். அதனால் அந்த ஊரைக் கடைசியில் வைத்தேன். ஓவியர் மாந்தேன்யா 1474-ல் வரைந்து முடித்த அறை இருக்கும் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சரி, திங்கட்கிழமையை ரயிலுக்கு ஒதுக்கிவிட்டேன். வட்டார ரயில்தான், காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்த மறக்கக்கூடாது.

சாப்பாடு பற்றி நிறைய விசாரித்தேன், அம்மா சைவம். ராவென்னா பக்கத்து பியாதீனா ரொட்டி பார்க்கச் சப்பாத்தி போல இருக்கும், ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் வழக்கம். "சென்சா ஸ்த்ருத்தோ", அதாவது கொழுப்பு இல்லாமல், என்று கேட்டு வாங்க வேண்டும். பார்மிஜானோ சீஸிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. பெர்ராரா, மாந்தோவா இரண்டிலும் பரங்கிக்காய் அடைத்த பாஸ்தா பிரபலம், ஆனால் அதிலும் சீஸ் உண்டு. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முடிவு அவருடையது.

ராவென்னாவில் தாந்தே சமாதிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டாவது மாடி. லிஃப்ட் இருக்கிறதா என்று நேற்று எழுதிக் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.