சமதரை இல்லாத ஊரில் மூச்சை அளப்பது

மூச்சிரைப்பு எவ்வளவு என்று கேட்டறிய எங்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. எம்.எம்.ஆர்.சி. அளவுகோல் என்போம். 0 முதல் 4 வரை ஐந்து படிகள். கடுமையாக வேலை செய்தால் மட்டும் இளைத்தால் 0. சமதரையில் வேகமாக நடந்தாலோ லேசான மேட்டில் ஏறினாலோ இளைத்தால் 1. சமதரையில் ஒத்த வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாவிட்டால் 2. சமதரையில் சுமார் 100 மீட்டர் போனதும் நிற்க வேண்டியிருந்தால் 3. வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல், உடை மாற்றினாலே இளைத்தால் 4. உலகம் முழுக்கப் பயன்படும் நல்ல அளவுகோல். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா குறுக்கிட்டார்: "சமதரை எங்க டாக்டரம்மா இருக்கு இங்க?"

அவர் கேட்டது நியாயம். குழாயடிக்குப் போக இறங்க வேண்டும், பஸ் ஏறப் போனால் ஏற வேண்டும். தேயிலைச் சரிவில் சமமாகக் கால் வைக்க இடமில்லை. எல்லாருக்கும் மூச்சு வாங்கும் ஊரில் நோயாளிக்கு வாங்கும் மூச்சு தனியாகத் தெரிவதில்லை. "வயசாச்சு, மேடு, குளிரு" என்று மூன்று காரணம் கையில் தயாராக இருக்கிறது. நான்காவதாக நோய் என்று ஒன்று இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், சுருக்கமாக சி.ஓ.பி.டி., 2019-இல் உலக அளவில் சுமார் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. அந்த ஆண்டு இறப்புக் காரணங்களில் அதற்கு மூன்றாம் இடம். பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நோயாகவே அதை நினைத்துப் பழகிவிட்டோம். நான் மலையில் பார்க்கும் பெண்களில் பலர் பீடியைத் தொட்டதே கிடையாது. சின்ன வயதிலிருந்து விறகடுப்பின் முன் உட்கார்ந்தவர்கள். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு, சீகைக் கட்டை, கற்பூர மரத்துச் சுள்ளி என்று எது கிடைக்கிறதோ அது எரிகிறது. ஜூன், ஜூலை மழையில் விறகு காய்வதில்லை, குளிருக்காகக் கதவும் ஜன்னலும் திறப்பதில்லை. பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. விறகு எரியும் சமையலறைகளில் அது நூற்றுக்கணக்கில் ஏறும் என்பது பல நாடுகளில் அளந்து கண்டது.

"கேஸ்தான் வந்துவிட்டதே" என்று சமவெளி நண்பர்கள் கேட்பார்கள். வந்திருக்கிறது, உண்மைதான். டீ போட, குழம்பு வைக்க கேஸ். குளிக்க வெந்நீர் போடவும் குளிர்காயவும் விறகுதான். கேஸ் அடுப்பு சோறாக்கும், வீட்டைச் சூடாக்காது. மலைவீட்டுக்கு நெருப்பு சமையலுக்கு மட்டுமானதல்ல என்பதைப் புரிந்துகொள்ளாமல் புகையை ஒழிக்கும் எந்தத் திட்டமும் இங்கே பாதியில்தான் நிற்கும்.

நோயை உறுதிசெய்ய ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதல் பரிசோதனை வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து, முழு வேகத்தில் கடைசிவரை ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வோம். வெளியே வந்த மொத்தக் காற்றில் முதல் நொடியில் வந்தது 0.70 பங்குக்குக் குறைவென்றால் அடைப்பு இருக்கிறது. சொல்வது எளிது. வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு உட்காரும் பாட்டி, குழலைக் கண்டதும் அடுப்பை ஊதுவதுபோலவே ஊதுவார். கன்னம் உப்ப, விட்டு விட்டு, சின்னச் சின்னதாக. ஊதாங்குழலில் வாழ்நாள் முழுக்க ஊதிய வாய்க்கு அதுதானே தெரியும்? கரியும் சாம்பலும் பறக்காமல் தீயைப் பிடிக்க வைக்கும் கைத்தேர்ச்சி அது. அதை மறந்து "ஒரே மூச்சா, இடிமாதிரி" ஊதச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். நாங்களே முன்னால் ஊதிக் காட்டுவோம். மூன்று நல்ல ஊதல் கிடைக்கும்வரை விடுவதில்லை, ஆனால் எட்டுக்கு மேல் கேட்பதும் இல்லை.

கருவிக்கும் குளிர் ஆகாது. நெஞ்சுக்குள் 37 டிகிரியில் இருந்த காற்று கருவிக்குள் குளிர்ந்து சுருங்கும். அதைக் கணக்கிட்டுத் திருத்த அறை வெப்பநிலை சரியாகத் தெரிய வேண்டும். 17 டிகிரிக்குக் கீழே பரிசோதிப்பது உசிதமில்லை. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் அது நடக்காத காரியம். அதனால் வெயில் ஏறிய பிறகே தொடங்குகிறோம். கருவியைச் சரிபார்க்கும் 3 லிட்டர் சிரிஞ்சையும் இரவு ஜீப்பில் விடாமல் கருவியோடு ஒரே அறையில் வைக்கிறோம்.

விரலில் மாட்டி ரத்தத்து ஆக்சிஜனைச் சதவீதத்தில் காட்டும் ஆக்ஸிமீட்டரும் மலையில் வேறு கணக்குப் பேசும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் இங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். கீழே 97, 98 காட்டும் திடமான ஆளுக்கு இங்கே 94, 95 காட்டலாம். அதைப் பார்த்து நல்ல உடம்புக்காரர் பயப்படவும் கூடாது, "மலையில் அப்படித்தான்" என்று 88-ஐத் தள்ளிவிடவும் கூடாது. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது.

சமதரைக் கேள்விக்கு வருகிறேன். படிவத்தில் 0 என்று பதிலளித்த ஒரு கொழுந்துக்காரரிடம் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "மேல் நெரைக்கு இப்ப போறதில்லைங்க. மேஸ்திரிகிட்ட சொல்லி ரோட்டோரமா வாங்கிக்கிட்டேன். மூட்டைய மக தூக்கிட்டுப் போயிடுவா. வெறகுக்கும் அவதான்." அப்படியானால் மூச்சு வாங்குகிறதா? "இல்லைங்களே." பொய்யில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார், அதனால் வாங்கவில்லை. ஸ்பைரோமெட்ரியில் மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழேதான் இருந்தது.

இந்த உரையாடலுக்குப் பிறகு நாங்கள் கேட்கும் விதம் மாறியது. எம்.எம்.ஆர்.சி.யை விடவில்லை, மற்ற ஊர் ஆய்வுகளோடு ஒப்பிட அது வேண்டும். அதோடு சேர்த்து, செடியிலிருந்து எடை போடும் இடம் வரை மூட்டையை எத்தனை முறை இறக்கி வைக்கிறீர்கள், முன்பு நீங்கள் செய்து இப்போது வேறு ஆள் செய்யும் வேலை எது, கோயில் திருவிழாவுக்கு மேலே ஏறிப்போவதை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்கிறோம். பதில் சொல்லும்போதே சிலர் யோசனையில் ஆழ்ந்துவிடுவார்கள். கூட இருக்கும் மகளோ மருமகளோதான் பெரும்பாலும் சரியான வருஷத்தைச் சொல்வார்.

நோய் உறுதியான பிறகு இன்ஹேலர் என்றால் "பழகிடுமே" என்ற பயம் முதலில் வரும். அந்தப் பயத்தைப் பொறுமையாகப் பேசித்தான் கடக்க வேண்டும், அதட்டினால் மருந்து அலமாரியில் தூங்கும். மலைக்கென்று சொல்லித்தர வேண்டியது இன்னொன்றும் உண்டு. அழுத்தி அடிக்கும் வகை இன்ஹேலர் நன்றாகக் குளிர்ந்திருந்தால் மருந்து சரியாகப் பீறிடாது. உள்ளே இருக்கும் சின்ன டப்பாவை எடுத்து உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருந்துவிட்டு அடிக்க வேண்டும். அடுப்பருகே மட்டும் வைக்கக் கூடாது, வெடிக்கும். மேட்டில் ஏறும்போது உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே ஏறச் சொல்கிறோம். ஊதாங்குழல் பிடித்த வாய்க்கு இது ஒரே நாளில் வந்துவிடுகிறது.

எங்கள் புதுக் கேள்விகள் இன்னும் ஆய்வுக் கருவி ஆகிவிடவில்லை. ஒவ்வொரு பதிலையும் ஸ்பைரோமெட்ரி முடிவோடு வைத்துப் பார்த்து, எந்தக் கேள்வி நோயாளியைச் சரியாகப் பிடிக்கிறது, எது நோயில்லாதவரையும் சேர்த்துப் பிடிக்கிறது என்று பிரித்தாக வேண்டும். கோத்தகிரிக்குப் பொருந்தியது சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூரில் பொருந்துமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே சரிவும் வேறு, குளிரும் வேறு. மழை ஓய்ந்ததும் கருவிகளோடு அந்தப் பக்கம் இறங்குகிறோம்.