ஸ்டூல் வந்தும் நின்றுகொண்டிருந்தோம்

பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையின் இரண்டாம் தளத்தில், சேலைப் பிரிவின் கவுண்டர்களுக்குப் பின்னால், 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று கேரள அரசு அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டத்தைத் திருத்தியிருந்தது. வந்த அன்று எல்லோரும் அவற்றைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தோம். அதன்பிறகு ஐந்து மாதம் வரை ஒருவரும் அவற்றில் உட்காரவில்லை. மேல் ரேக்கிலிருந்து பெட்டி இறக்க ஏறி நின்றார்கள். பிரித்துக் காட்டிய சேலைகளை மடிக்கும்வரை குவித்து வைத்தார்கள். ஒரு ஸ்டூலில் டேப்பும் கத்தரிக்கோலும் நிரந்தரமாகவே இடம் பிடித்துக்கொண்டன. அப்போது அந்தத் தளத்துக்கு நான்தான் சூப்பர்வைசர். அவர்கள் ஏன் உட்காரவில்லை என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பது எனக்குப் புரிய அந்த ஐந்து மாதமும் ஆயிற்று.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. வீட்டில் தமிழ், பஸ்ஸில் தமிழும் மலையாளமும், கடையில் வாடிக்கையாளர் வாய் திறக்கும்வரை காத்திருந்து அவர் பேசும் மொழி என்று பழகிய எல்லையோரப் பெண்களில் ஒருத்தி. 2003 இல், பத்தொன்பது வயதில், விற்பனைப் பெண்ணாக இந்தக் கடையில் சேர்ந்தேன். எல்லைக்கு அருகில் இருக்கும் கடைக்குப் பருவங்களும் இரட்டிப்பு. ஆடித் தள்ளுபடிக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள்; ஆடி முடிந்ததும் கசவுச் சேலைக்கும் செட் முண்டுக்கும் ஓணக் கூட்டம் வரும்; ஓணம் முடிந்து மூச்சு விடுவதற்குள் தீபாவளி வந்துவிடும்; பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல், விஷு. மற்ற ஊர்க் கடைகளில் வேலை செய்பவர்களுக்குப் பருவங்களுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு எங்களுக்குக் கிடைப்பதில்லை.

நிற்பது என்றால் என்ன என்று, நின்று பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போனால் இரவு எட்டரை வரை. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும், யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போலவே நிற்க வேண்டும். கவுண்டரில் சாய்ந்தால்கூடக் கேமராவில் தெரியும். நாலு மணிக்குமேல் பாதம் செருப்புக்குள் அடங்காது. ஆறு மணிக்கு இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பும். வீட்டுக்குப் போனால் சமையல். சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படுத்தால் கால்களில் ஏதோ ஊர்வது போல இருக்கும். நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் இருந்த மூத்த அக்காமார்களில் பெரும்பாலோருக்குக் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. சேலை கட்டுவதால் வெளியே தெரியாது. அதை நாங்கள் நோய் என்று நினைத்ததே இல்லை. வயதானால் நரை வருவது போல, இந்த வேலைக்கு வந்தால் வருவது என்று நினைத்தோம்.

பிற்பாடு ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். காலிலிருந்து இரத்தம் இதயத்துக்கு மேலேறிப் போக வேண்டும். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போது அது மேலே தள்ளப்படுகிறது. தள்ளிய இரத்தம் திரும்பக் கீழே இறங்கிவிடாமல் சிரைகளுக்குள், அதாவது நாங்கள் நரம்பு என்று சொல்லும் இரத்தக் குழாய்களுக்குள், இருக்கும் சிறிய வால்வுகள் தடுக்கின்றன. நடப்பவருக்கு அந்தத் தசை ஓயாமல் வேலை செய்கிறது. ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவருக்கு அது சும்மா இருக்கிறது. இரத்தம் கீழேயே தேங்கி, சிரை விரிந்து, வால்வு சரியாக மூடாமல் போகிறது. பரம்பரையாக வருபவர்களும் உண்டு. கர்ப்ப காலத்தில் இன்னும் கூடும். வயல் வேலை செய்த எங்கள் அம்மாக்களும் நாள் முழுவதும் காலில்தானே இருந்தார்கள் என்று கடையில் பலர் கேட்பார்கள். இருந்தார்கள், ஆனால் குனிந்தார்கள், நடந்தார்கள், வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். எங்களுடையது இரண்டடி இடத்தில் நிற்பது.

ஜவுளி விற்பனை என்பதே நின்று செய்யும் வேலை என்று இப்போது எல்லோரும் நம்புகிறோம். அது உண்மை அல்ல. என் பெரியப்பா பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்த குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும். சேலையை மடியிலிருந்து விசிறிப் போடுவார். அவர் உட்கார்ந்திருந்ததை மரியாதைக் குறைவு என்று ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவும் ஏசியும் உயரமான கவுண்டரும் வந்த பிறகுதான், விற்பவர் நிற்பது மரியாதை என்று ஆனது.

உட்காரும் உரிமை யாரும் தானாக முன்வந்து கொடுத்தது அல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர், அங்குள்ள கடைப் பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. உட்கார இடம் கேட்கும் போராட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 2014 டிசம்பர் இறுதியில் தொடங்கி நூறு நாட்களுக்கும் மேல் கடை வாசலில் போராடினார்கள். 2018 இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 இல் அதே போன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. பாலக்காட்டில் வேலை செய்யும் எனக்கும், எல்லையில் இருக்கும் கோபாலபுரத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிக் கடைக்கு வேலைக்குப் போகும் என் சித்தி மகளுக்கும் இன்று அந்த உரிமை ஒன்றுதான். ஆனால் கேரளத்தின் அதே திருத்தம், கடைகளில் பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்ததை 9 மணி என்று மாற்றியது. கடைசி பஸ்ஸை நம்பி ஊருக்குப் போகிறவளுக்கு அந்த இரண்டு மணி நேரம் என்ன என்பதும் இதோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு, ஒருநாள் இரவு பஸ்ஸில், சித்தூரில் இறங்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். எங்கள் பிரிவிலேயே நன்றாக விற்பவள். அப்போது ஐந்து மாத கர்ப்பம். “ஸ்டூல்தான் இருக்கே, நீயாவது உக்காரக் கூடாதா?” என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, ஸ்டூல் இருக்கு. உக்காந்தா நீங்க பாக்கிற பார்வையும் இருக்கே. அதுக்கு நிக்கிறதே மேல்” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பது போலச் சொன்னாள். இறங்கும்போது வழக்கம்போல “வரேன்க்கா” என்றும் சொன்னாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் யாரையும் உட்காராதே என்று சொன்னதில்லை. ஆனால் பதினாறு ஆண்டுகள் நின்று நின்று, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைக் கண்டால் வேலை செய்யாதவள் என்று நினைக்க என் கண் பழகிவிட்டிருந்தது. என்னை ஒரு காலத்தில் அப்படிப் பார்த்த சூப்பர்வைசரின் பார்வையை நான் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, டேப்பும் கத்தரிக்கோலும் இருந்த ஸ்டூலைக் காலி செய்து, கேமராவுக்கு நேராகப் போட்டு, நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே முந்தைய இரவு குவிந்திருந்த காட்டன் சேலைகளை மடித்தேன். அரை மணி நேரத்தில் ஆபீஸிலிருந்து இன்டர்காம் வந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறேன், கூட்டம் இல்லாததால் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். அன்று மதியம் முதலாளியிடம் பேச வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் தவறாக நினைப்பார் என்பது அவர் பயம். அந்தப் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் கடை நடந்தால்தான் எங்களுக்குச் சம்பளம். கவுண்டருக்கு ஆள் வந்ததும் எழுந்துகொள்வது, இல்லாதபோது உட்கார்வது, பட்டுப் பிரிவில் வாடிக்கையாளரே உட்கார்ந்து பார்ப்பதால் விற்பவரும் உட்கார்ந்தே பிரித்துக் காட்டுவது என்று பேசி முடித்தோம். அடுத்த வாரம் சித்தூர்ப் பெண் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும்.

ஊழியர் நலன் என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்க்கும் முகாமும், ஜூன் 21 அன்று மொட்டை மாடியில் யோகாவும் எங்கள் கடையிலும் நடக்கின்றன. நல்லவைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உடம்பு கெடுவது அன்றாடம், மணிக்கு மணி. தண்ணீர் விஷயத்தையே சொல்கிறேன். எங்கள் தளத்துக் கழிப்பறைச் சாவி முன்பு மேனேஜர் மேஜையில் தொங்கும். ஒரு ஆணிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும் என்பதற்காகவே பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். நீர்க்கடுப்பு என்று மாதத்துக்கு ஒருத்தியாவது லீவு போடுவாள். சாவியை எடுத்துவிட்டு உள்தாழ்ப்பாள் மட்டும் போதும் என்று செய்ததற்குச் செலவு எதுவும் ஆகவில்லை.

என் வருத்தம் எல்லாவற்றிலும் பெரியது இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பற்றியது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். சம்பளச் சீட்டில் அந்தத் தொகையைப் பிடித்தம் என்று மட்டுமே நாங்கள் பார்த்தோம். எங்கள் பிரிவில் ஒருத்தி கால் நரம்புப் புடைப்புக்கான அறுவை சிகிச்சைக்காகத் தன் சங்கிலியை அடகு வைத்தாள். வட்டி கட்டி மீட்க முடியாமல் அது ஏலத்துக்கே போனது. மாதாமாதம் பணம் கட்டிய அவளுக்கு அந்தச் சிகிச்சையை இஎஸ்ஐ மூலமாகவே செய்துகொண்டிருக்கலாம். ஓய்வெடுத்த நாட்களுக்கு, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைத்திருக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. இப்போது புதிதாக ஒருத்தி சேர்ந்தால் முதல் வாரத்திலேயே அவளோடு உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். பேறுகால விடுப்பு 26 வாரம் என்பதையும், தனக்கு ஒன்றும் குடும்பத்துக்கு ஒன்றுமாக இரண்டு மருந்தகங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் சொல்கிறேன். வேலை இந்தப் பக்கமும் குடும்பம் அந்தப் பக்கமுமாக வாழும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இழுபறி என்று எல்லோரும் பேசுவது வேலை நேரத்தைப் பற்றித்தான். நான் கண்டவரை, பெண்களை அதைவிட அதிகமாக வதைத்தது வார விடுமுறை எந்த நாள் என்று தெரியாமல் இருந்தது. நாளைக்கு உனக்கு ஆஃப் என்று முந்தைய இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். அந்த நாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? குழந்தையின் பள்ளிக்கூடக் கூட்டம் முந்தைய நாளே முடிந்திருக்கும். மருத்துவரிடம் டோக்கன் வாங்கியிருக்க மாட்டாள். அம்மா வீட்டுக்குப் போக நினைத்தவள் துணி துவைத்துவிட்டுத் தூங்கிப்போவாள். இப்போது ஒவ்வொரு மாதமும் 25 ஆம் தேதி, அடுத்த மாதத்தின் ஆஃப் பட்டியலை எழுதிப் பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் பட்டியலிலேயே கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் ஆஃப் தள்ளிப்போகும் வாரங்களில், அதற்குப் பதில் நாள் எது என்பதும் அதே தாளில் இருக்கும். இதைத் தயாரிக்க எனக்கு இரண்டு மாலை நேரம் போகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுவலி என்று வரும் போன் ஏறத்தாழ நின்றுவிட்டது. யாரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. லீவு கேட்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. கீழ்த்தளத்துப் பேக்கிங் பையன்களுக்கு இன்னும் ஸ்டூல் வரவில்லை. சட்டம் பெண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை, எல்லாத் தொழிலாளர்களுக்கும் என்றுதான் சொல்கிறது. வாசலில் கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேன் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஒரு நாற்காலி கேட்டேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவார் என்றார்கள். மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய நாற்காலி ஒன்றைத் துடைத்து, காலையில் வரும்போதே வாசல் தூணுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு மேலே போகிறேன். மதியம் சாப்பிட இறங்கி வரும்போது அது மறுபடியும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டுபோய்த் திரும்பவும் போடுகிறேன்.